சந்திப்பிலிருந்து 1,200 மீட்டர்: ஒரு பேருந்து நிலைய இடமாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கல்குளம், விளவங்கோடு வட்டங்களைச் சார்ந்து வாழும் மக்கள் கூடும் ஒரு சந்திப்பு ஊரில் 2022 முதல் 2025 வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயர், உள்ளாட்சி அமைப்பின் பெயர், தொடர்புடைய அலுவலர்கள், வணிகர்கள், பயணிகள் எவருடைய பெயரும் தரப்படவில்லை. நான் அந்த ஊரில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்நிகழ்வில் வெறும் பார்வையாளனாக மட்டும் இருந்தவனுமல்லன். ஆகவே என் பங்கு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதைச் சொல்லியே செல்கிறேன்.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 18,70,374 பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் என்ற நெருக்கமும், நகர்ப்புற மக்கள் 82 விழுக்காட்டுக்கு மேல் என்ற கணக்கும் வெளியூர்க்காரர்களுக்கு அடுக்குமாடிக் கட்டடங்களால் நிறைந்த ஒரு பெருநகரத்தை நினைவுபடுத்தக்கூடும். உண்மை நிலை வேறு. நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே செல்லச்செல்ல, ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு விளையும் (தோட்ட நிலமும்), நாலைந்து தென்னையும், ஒரு பலாவும் வைத்துக்கொண்டு சாலையோரமாகவே நீண்டு கிடக்கிறது. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். இப்படிச் சிதறிக் குடியிருக்கும் மக்களுக்கு நகரம் என்பது ஒரு மையமன்று, ஒரு சந்திப்புதான். கடலிலிருந்து மலைக்குப் போகும் சாலையும் நாகர்கோவில் - திருவனந்தபுரம் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடங்களில்தான் சந்தையும், மருத்துவமனையும், பள்ளியும், வங்கியும் வந்து அமைந்தன. கீழிருந்து மீன் ஏறி வரும். மேலிருந்து ரப்பர் ஷீட்டும், மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கும்), மட்டி, ஏத்தன் வாழைக்குலைகளும் இறங்கி வரும். இரண்டும் சந்திக்கும் முக்கில் பேருந்து நிற்கும்.

ரயில் இந்த மாவட்டத்துக்குப் பிந்தித்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான பாதை 1979லும், நாகர்கோவில் - திருநெல்வேலி பாதை 1981லும் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே பேருந்துத் தடங்களைச் சார்ந்து வாழ்க்கை அமைந்துவிட்டதால், ரயில் வந்த பிறகும் சந்தைக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் பேருந்தையே நம்பியிருந்தனர். 1983இல் மாவட்டத்துக்கெனவே நேசமணி போக்குவரத்துக் கழகம் உருவானதும், பின்னர் அது பெரிய கழகத்தோடு இணைக்கப்பட்டதும் இங்குள்ள மூத்தோர் அறிந்த செய்தி. இன்றும் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து அதிகாலையில் புறப்படும் நகரப் பேருந்தில் மீன் விற்கச் செல்லும் பெண்களும் முந்திரி ஆலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்களுமே பெரும்பான்மையினர். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அதன் பயனை நேரடியாக உணர்ந்தவர்களும் இவர்கள்தாம்.

எங்கள் ஊரின் பழைய பேருந்து நிலையம் சந்திப்பின் தென்மேற்கு மூலையில் இருந்தது. அதன் பின்சுவருக்கு அப்பால் சந்தை. எதிரே அரசு மருத்துவமனை. இடம் குறுகலானது, தரை குண்டும் குழியுமானது. கழிப்பறையின் நிலையைப் பற்றி எழுதத் தேவையில்லை. மழைக்காலத்தில் பயணிகள் கடைகளின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கித்தான் நின்றனர். அந்த நிலையம் மாற்றப்பட வேண்டியதுதான் என்பதில் ஊரில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

திட்டம் உருவான விதம்

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதிய மன்றம் பொறுப்பேற்ற சில மாதங்களில், நகர் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று மன்றத்தின் முன் வந்தது. பழைய நிலையம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வாகன நிறுத்தத்துடன் கூடிய வணிக வளாகம் கட்டப்படும்; பேருந்து நிலையம் சந்திப்புக்குக் கிழக்கே 1,200 மீட்டர் தொலைவில், நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தில் புதிதாக அமைக்கப்படும்; இதனால் சந்திப்பின் நெரிசல் குறையும் என்பதே அதன் சாரம். அந்த நிலம் பழைய ஏலா. நெல் விளைவது நின்று பல ஆண்டுகளாகியிருந்தாலும், பக்கத்துக் குளத்தின் மறுகால் நீர் (குளம் நிரம்பி வழியும் உபரிநீர்) அதன் வழியாகத்தான் வடிந்துகொண்டிருந்தது.

2022 நவம்பர் 1ஆம் நாள், இம்மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளிலேயே, நகர்ப்புற உள்ளாட்சிகளில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் பகுதிக் கூட்டத்தில் இத்திட்டத்தின் வண்ணப் படங்கள் காட்டப்பட்டன. விசாலமான நடைமேடைகள், மின்விளக்குகள், தாய்மார்களுக்கான அறை ஆகியவற்றைப் பார்த்து நான் எழுந்து திட்டத்தை வரவேற்றுப் பேசினேன். பேருந்து எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும் என்று நானும் கேட்கவில்லை, அங்கிருந்த அறுபது எழுபது பேரில் வேறு எவரும் கேட்கவில்லை. கூட்டத்தில் மீன் விற்கும் பெண்கள் ஒருவர்கூட இல்லை. அவர்கள் எங்கள் வார்டில் வாக்குள்ளவர்கள் அல்லர். ஆறேழு கிலோமீட்டர் தெற்கே, வேறு உள்ளாட்சியில் குடியிருப்பவர்கள். ஒரு சந்திப்பைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அந்த ஊரின் வாக்காளர்களாக இருப்பதில்லை என்ற எளிய உண்மை அன்று எனக்கு உறைக்கவில்லை.

2023 தொடக்கத்தில் பழைய நிலையம் இடிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் தென்கோடி மாவட்டங்களில் பெய்த பெருமழையில், கட்டிக்கொண்டிருந்த புதிய நிலையத்தின் தளத்தில் முழங்காலளவு நீர் நின்றதை ஊரார் நேரில் பார்த்தோம். அதன் பிறகும் தரைமட்டம் சிறிது உயர்த்தப்பட்டதே தவிர, மறுகால் நீர் போவதற்கான வழி அகலப்படுத்தப்படவில்லை. 2024 ஜூனில், பள்ளிகள் திறந்த அதே வாரத்தில், புதிய நிலையம் பயன்பாட்டுக்கு வந்தது. சந்திப்பில் பேருந்துகள் நிற்கக் கூடாது என்ற அறிவிப்பும் உடன் வந்தது.

திறப்புக்குப் பின் கண்டவை

முதல் வாரத்தில் எழுந்த முணுமுணுப்பைப் பழக்கமின்மை என்றே நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணியளவில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அறுபது வயதைக் கடந்த ஒரு மீன்காரப் பெண்மணி நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடவத்தை (மீன்கூடையை) இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். கடவத்திலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர் வழிந்து அவரது தோளையும் முதுகையும் நனைத்திருந்தது. பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்குச் சாளையும் நெத்திலியும் தந்தவர். நடைபாதை இருக்கிறதே, ஏன் சாலையில் நடக்கிறீர்கள் என்று கேட்டேன். “சாரே, தலையில கடவத்தோட அந்தப் படியில ஒருக்கா ஏறிப் பாருங்க, பொறவு சொல்லுங்க” என்றார்.

அன்று மாலை அளவுநாடாவுடன் சென்று பார்த்தேன். நடைபாதையின் விளிம்பு சாலையிலிருந்து 28 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரிகளுக்கான வழிகாட்டுதலின்படி அது 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் நடைபாதையின் அகலம் பல இடங்களில் 90 சென்டிமீட்டர். அந்தத் தொண்ணூறையும் இரண்டு இடங்களில் மின்மாற்றியின் கம்பங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆக, தலைச்சுமையுடன் 1,200 மீட்டர் நடப்பவர் பலமுறை ஏறி இறங்க வேண்டும், அல்லது கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளம் நோக்கிச் செல்லும் டாரஸ் லாரிகளின் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

ஆட்டோவில் போகலாமே என்று சொல்பவர்கள் இருந்தார்கள். கடவத்துடன் ஏற்றிச் செல்ல ஐம்பது ரூபாய் கேட்டனர். மாதத்தில் 26 நாள் என்றால் 1,300 ரூபாய். ஆறேழு கிலோமீட்டர் தூரத்துக்கு அரசு கட்டணமே வாங்காமல் ஏற்றிவருகிறது. கடைசி 1,200 மீட்டருக்கு அவர் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். கட்டணமில்லாப் பயணத்தால் அவர் கையில் மிஞ்சியதை நிலையத்தின் இடமாற்றம் திரும்ப எடுத்துக்கொண்டது என்பதை அன்றுதான் கணக்காகப் பார்த்தேன்.

இதில் எனக்கு மிகுந்த வேதனை தந்தது வேறொன்று. தெற்கிலிருந்து வரும் பேருந்து, புதிய நிலையத்துக்குச் செல்வதற்கு முன் சந்தையின் வாசலைக் கடந்துதான் போகிறது. நிலையத்துக்குள் சென்று, பயணிகளை இறக்கி, திரும்பி அதே நெடுஞ்சாலையில் மேற்கே வந்து, மீண்டும் அதே சந்திப்பைக் கடந்துதான் வடக்கே மலைப்பக்கம் போகிறது. இருமுறை கடக்கிறது, ஒருமுறையும் நிற்பதில்லை. மனமிரங்கிய சில நடத்துநர்கள் சிக்னலில் வண்டி நிற்கும் சில விநாடிகளில் பெண்களை இறங்க அனுமதித்தார்கள். நடுச்சாலையில், கடவத்துடன், இருசக்கர வாகனங்களுக்கு இடையில் அவ்வாறு இறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர்களும் அறிவார்கள்.

நெரிசல் ஏன் கூடியது, நடை ஏன் குறைந்தது

நெரிசலைக் குறைக்கவே நிலையம் மாற்றப்பட்டது. ஆனால் ஜூலையில் சந்திப்பின் நெரிசல் முன்னைவிடக் கூடியிருந்தது. வாகனங்கள் பெருகிவிட்டன என்றே எல்லோரும் சொன்னார்கள். போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர்தான் என்னைச் சந்திப்பில் நிற்க வைத்து உண்மையைக் காட்டினார்.

பழைய நாள்களில் தெற்கிலிருந்து வரும் பேருந்து இடப்பக்கம் இருந்த நிலையத்துக்குள் நுழைந்து, இடப்பக்கமாகவே வெளியேறி, சந்திப்பை ஒரே ஒருமுறை நேராகக் கடந்து வடக்கே சென்றுவிடும். இப்போது அதே பேருந்து சந்திப்பில் வலப்பக்கம் திரும்பிக் கிழக்கே செல்கிறது. திரும்பி வரும்போது மறுபடியும் வலப்பக்கம் திரும்பி வடக்கே போகிறது. நம் சாலைகளில் வலப்பக்கத் திருப்பம் என்றால் எதிர்வரும் வாகனங்கள் முழுவதும் நின்றாக வேண்டும். வடக்கு நோக்கிச் செல்லும் ஒவ்வொரு பேருந்தும் முன்பு ஒருமுறைகூடச் செய்யாத இத்திருப்பத்தை இப்போது இருமுறை செய்கிறது. வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் வண்டிகளுக்கு இரண்டும் இடப்பக்கத் திருப்பங்கள் என்பதால் அவற்றால் அவ்வளவு தொல்லையில்லை. ஆகவே நெரிசல் குறிப்பாகக் காலை நேரத்தில், கடற்கரையிலிருந்து வண்டிகள் ஏறி வரும் வேளையில் உச்சத்தை அடைந்தது. நிலையத்தின் வரைபடத்தில் இந்தச் சந்திப்பே இடம்பெறவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நில எல்லைக்கு உள்ளே இருப்பவை மட்டுமே வரையப்பட்டிருந்தன.

அடுத்து அவர் விளக்கியது ‘நடை’ பற்றியது. ஒரு வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதைப் போக்குவரத்துக் கழகத்தில் ஒரு நடை என்பார்கள். கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே ஓடிய ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு நாளொன்றுக்குப் பத்து நடை. புதிய நிலையத்துக்குப் போய்த் திரும்புவதால் ஒவ்வொரு நடையிலும் கூடுதலாக 2.4 கிலோமீட்டர், சராசரியாக ஒன்பது நிமிடம், பள்ளி நேரத்தில் பதினைந்து நிமிடம்கூட ஆகும். ஒன்பது என்றே வைத்தாலும் ஒரு நாளில் 90 நிமிடங்கள். ஓட்டுநர், நடத்துநரின் பணி நேரம் அதற்காக நீளுவதில்லை. எனவே கடைசியில் இரண்டு நடைகள் விழுந்துவிடும். அப்படி விழுந்தது, இரவு 9.10க்கு மலைப்பக்கம் சென்று திரும்பும் வண்டி. நாகர்கோவில் கடைகளில் வேலை முடித்து வரும் இளைஞர்களும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரும் நம்பியிருந்த வண்டி அது. மலைப்பக்க ஊர்களில் இருப்போருக்கு எங்கள் சந்திப்பில் ஒரு நிலையம் இடம் மாறியது என்ற செய்தியே தெரியாது. வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டுமே தெரியும்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

ஜூலை இறுதியில் பதினொரு பேர் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடினோம். சாலை மறியல் செய்ய வேண்டும் என்று நால்வர் வலியுறுத்தினர். அதை நாங்கள் ஏற்கவில்லை. புதிய நிலையத்தில் வைப்புத்தொகை கட்டிக் கடை எடுத்த சிறு வணிகர்கள் எங்களுக்கு எதிரிகள் அல்லர். நிலையம் மூடப்பட வேண்டும் என்ற முழக்கம் எழுந்தால் அவர்கள் எங்களை எதிர்ப்பதைத் தவிர வேறு வழியிராது. ஆகவே முதலில் எண்ணுவது, பிறகு கேட்பது என்று முடிவு செய்தோம்.

கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் நின்று, நிலையத்தில் இறங்குவோரில் எத்தனை பேர் மேற்கே சந்திப்பை நோக்கி நடக்கிறார்கள் என்று எண்ணினார்கள். காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை, தென்தடங்களில் வந்து இறங்கியவர்களில் நால்வரில் மூவர் சந்திப்பை நோக்கியே நடந்தனர். இந்த எண்ணிக்கையில் ஒரு பெருங்குறை இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இதற்கிடையே தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, திட்ட அறிக்கையின் நகலையும் போக்குவரத்து ஆய்வின் நகலையும் கேட்டு விண்ணப்பித்தோம். 30 நாள்களில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு வந்தது. அறிக்கையில் கடைகளின் பரப்பு, எதிர்பார்க்கும் வாடகை, கட்டடத்தின் உறுதித்தன்மை எல்லாம் விரிவாக இருந்தன. போக்குவரத்து பற்றி அரைப்பக்கம். ஒரு நாளில் எத்தனை வண்டிகள் வந்து போகும் என்று எழுதப்பட்டிருந்தது. எத்தனை பேர், எங்கிருந்து எங்கே செல்வோர் என்று எங்குமில்லை. வாகனங்களைவிட மனிதர்களின் பயணத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியிருப்பதை அறிந்த எவரும் அந்த அரைப்பக்கத்தை வருத்தத்துடனேயே படிக்க முடியும்.

எதைக் கேட்பது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. பழைய இடத்துக்கே நிலையத்தைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது உணர்வுக்கு நிறைவளிக்கும், நடக்காது. கட்டி முடித்த ஒன்றை எந்த அலுவலரும் தன் கையெழுத்தால் கைவிட முடியாது. டைம் கீப்பர் நண்பர் சொன்ன அறிவுரை இதுதான்: கேட்பது எதுவாயினும், அதைக் கேட்கும் மேசையிலேயே உத்தரவிட அதிகாரம் இருக்க வேண்டும். நிலையத்தைக் கட்டியது உள்ளாட்சி. நெடுஞ்சாலை வேறு துறைக்குச் சொந்தம். வழித்தட அனுமதி மற்றொரு துறை. வண்டியை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். சந்திப்பில் எது நிற்கலாம் என்பது காவல்துறை. ஒரே மனுவை ஐந்து இடத்துக்கும் அனுப்பினால் ஐவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். எனவே கோரிக்கைகளைப் பிரித்தோம். அதிகாலை நான்கு நடைகள் நிலையத்துக்குள் செல்லாமல் நேராக வடக்கே செல்லட்டும் என்று கழகத்திடம். சந்திப்பைத் தாண்டி இரு திசையிலும் ஒரு நிறுத்தம் வேண்டும் என்று காவல்துறையிடம். நடைபாதையின் விளிம்பைத் தாழ்த்திச் சரிவு அமைக்க வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறையிடம். மறுகால் வடிகாலைத் திறந்துவிட வேண்டும் என்று உள்ளாட்சியிடம். இவை அனைத்தையும் ஒரே நாளில், ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தனித்தனி மனுக்களாகக் கொடுத்து, கூட்டு ஆய்வு ஒன்றையும் கேட்டோம்.

கூட்டு ஆய்வு

இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, நவம்பரில் நடந்தது. அலுவலக நேரத்தில் வந்தால் சந்திப்பில் எந்தச் சிக்கலும் தென்படாது என்பதால், காலை 5.45க்கு வர வேண்டும் என்று நாங்கள் மன்றாடிக் கேட்டுக்கொண்டோம். மூன்று துறைகளிலிருந்து அலுவலர்கள் வந்தார்கள். வந்தவர்களின் பொறுமையை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய பெண்களுடன் அலுவலர்களும் நடந்தனர். நிலையத்தின் வெளிவாசலில் மறுகால் நீர் கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்ததால் முதல் இருபது அடியிலேயே எல்லோரும் செருப்பைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. நடைபாதை முதல் மின்மாற்றியில் முடிந்த இடத்தில், முன்னே சென்ற பெண்மணி சாலையில் இறங்கினார். இறங்கும்போது ஒரு கையால் கடவத்தையும் மறு கையால் உடன்வந்தவரின் தோளையும் பற்றிக்கொண்டார். அந்நேரம் பின்னால் வந்த டாரஸ் லாரி ஒலியெழுப்பவே, அவருடன் நடந்துவந்த இளம்பொறியாளர் தன்னையறியாமல் அவரது கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கடவத்தின் மேலிருந்த மூடி கீழே விழுந்து நாலைந்து அயலை மீன்கள் சாலையில் சிதறின. பொறியாளரே குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தார். சந்தையை அடைய 24 நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்துக்குள் சந்தையின் முதல் விலை முடிந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. காலியாகத் தொடங்கியிருந்த மீன்வரிசையைப் பார்த்து அலுவலர்களே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

எண்ணிக்கைத் தாள்களைப் பார்த்து எவரும் எங்களை மறுத்ததில்லை. அந்தத் தாள்களால் எதுவும் நடக்கவும் இல்லை. அன்றைய நடைக்குப் பிறகே கோப்பு நகர்ந்தது.

விளைந்தவை

2025 ஜனவரியில் அதிகாலை நான்கு நடைகள் நிலையத்துக்குள் செல்லாமல் நேராக வடக்கே செல்ல அனுமதிக்கப்பட்டன. வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகளுக்குச் சந்திப்பைத் தாண்டி 150 மீட்டரில் நிறுத்தம் கிடைத்தது. தெற்கு நோக்கிய நிறுத்தம் மறுக்கப்பட்டது. அத்திசையில் சாலை அகலம் போதாது என்ற காரணம் சொல்லப்பட்டது. அளந்து பார்த்தபோது அக்காரணம் சரியானதே என்று தெரிந்ததால் நாங்கள் அதை வற்புறுத்தவில்லை. ஆயினும் மாலையில் மருத்துவமனையிலிருந்து கடற்கரைக்குத் திரும்பும் முதியோர் இன்றும் 1,200 மீட்டர் நடக்கிறார்கள். நடைபாதையின் விளிம்பு ஏறத்தாழப் பாதித் தூரம் தாழ்த்தப்பட்டது. மின்மாற்றிகள் அப்படியே இருக்கின்றன. இரவு 9.10 வண்டி திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் மீண்டும் ஓடுகிறது. வடிகால் திறக்கப்படவில்லை. வணிக வளாகத்தின் கீழ்த்தளக் கடைகள் நன்றாக நடக்கின்றன, மேல்தளத்தில் பல கடைகள் பூட்டியே கிடக்கின்றன.

நான் முதலில் பார்த்த அந்தப் பெண்மணி நான்கு நடைகள் மாற்றப்படுவதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் வாரத்தில், தொழிலை விட்டுவிட்டார். முழங்கால் வலி என்றார்கள். அவரிடம் வாடிக்கையாக வாங்கிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

மீண்டும் செய்வதானால்

முன்சொன்ன எண்ணிக்கையின் குறை எங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் புரிந்தது. நன்றி சொல்ல ஒரு கடற்கரை ஊருக்குச் சென்றிருந்தபோது, ஐந்து பெண்கள் 2024 செப்டம்பரிலேயே எங்கள் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டு, சேர்ந்து ஒரு டெம்போ பிடித்து வேறு சந்தைக்குப் போவதை அறிந்தோம். இருவர் விற்பனையையே நிறுத்தி, ஐஸ் ஆலையில் தினக்கூலிக்குச் செல்கிறார்கள். ஒரு பெண்ணின் மகள் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியை விட்டு, அருகிலுள்ள, அவள் விரும்பிய பாடப்பிரிவு இல்லாத பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். நாங்கள் நிலைய வாசலில் நின்று, வந்தவர்களை எண்ணினோம். வருவதையே நிறுத்தியவர்கள் எந்த வாசலிலும் எண்ணப்பட மாட்டார்கள். ஜூலையிலேயே அந்த ஊர்களுக்குச் சென்றிருந்தால், எங்கள் மனுவில் மிக வலுவான பக்கம் அதுவாகவே இருந்திருக்கும்.

சட்டத்தைப் படிப்பதிலும் பிந்தினோம். பழைய நிலையத்தின் வெளிச்சுவரை ஒட்டி அமர்ந்து விற்ற முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இடிப்பின்போது அகற்றப்பட்டனர். கணக்கெடுப்பை முடித்துச் சான்று வழங்குவதற்கு முன் தெருவோர வியாபாரிகளை வெளியேற்றக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழு கூடியிருந்தால், 2022இலேயே மீன்காரப் பெண்களின் குரல் மன்றத்துக்குள் ஒலித்திருக்கும். இது எங்களுக்குத் தெரியவந்தபோது சுவரும் இல்லை, அமர்ந்திருந்தவர்களும் இல்லை.

பகுதி சபையில் நான் பேசியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தடத்திலும் ஒரு நடைக்கு இப்போது எத்தனை நிமிடம், மாற்றிய பின் எத்தனை நிமிடம்? இதற்கான விடையைத் தயாரிக்க ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. அந்தத் தடத்தில் ஓடும் ஒரு நடத்துநரும் ஒரு டைம் கீப்பரும் ஒரு மாலைப்பொழுதில் எழுதித் தந்துவிடுவார்கள். அந்தத் தாள் மன்றத்தின் மேசையில் இருந்திருந்தால், இரவு வண்டி விழும் என்பதும், வலப்பக்கத் திருப்பங்கள் கூடும் என்பதும் கல் வைப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெரிய நகரங்களிலும் இக்கேள்வி பொருந்தும். நாகர்கோவிலில் வெளியூர் வண்டிகள் வடசேரியிலும் நகர வண்டிகள் மீனாட்சிபுரத்திலும் நிற்பதால், இடையில் மாறிச் செல்லும் பயணி ஒரு நாளில் செலவிடும் நேரத்தையும் எவரேனும் இப்படி எழுதிப் பார்க்கலாம்.

இப்போது சந்தையையும் புதிய நிலையத்துக்கு அருகே மாற்றலாம் என்ற யோசனை மன்றத்தில் பேசப்படுகிறது. அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. மருத்துவமனையும் பள்ளியும் சந்திப்பிலேயே இருக்கப்போவதால் பதில் எளிதன்று. வரைவு கையெழுத்தாவதற்கு முன்பே அதன் நகலைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். கணக்கெடுப்பு இம்முறை நிலைய வாசலிலிருந்து தொடங்கவில்லை. தெற்கே ஐந்து கடற்கரை ஊர்களிலும் வடக்கே மூன்று மலையடிவார ஊர்களிலும் வீடு வீடாகத் தொடங்கியிருக்கிறது. படிவத்தின் முதல் வரியை டைம் கீப்பர் நண்பர் எழுதினார்: கடந்த ஓராண்டில் நீங்களோ வீட்டில் வேறு எவருமோ போவதை நிறுத்திக்கொண்ட இடம் எது?